மினி டிராக்டரில் டிரெய்லர் கொக்கி: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

எங்கள் தோப்பில் ஓடுவது 24 ஹெச்.பி. மினி டிராக்டர். ஆனைமலைப் பக்கம் தென்னை வரிசைக்குள் பெரிய வண்டி திரும்ப இடமில்லாத தோப்புகளில் இந்த அளவுதான் சரிப்படும். ரொட்டோவேட்டர் ஓட்டத்தான் வாங்கினோம். ஆனால் காய் ஏற்ற, மட்டை இழுக்க, உர மூட்டை கொண்டுவர என்று வருடத்தில் பாதி நாள் பின்னால் நிற்பது டிரெய்லர்தான். ரொட்டோவேட்டரைக் கழற்றி, அதே த்ரீ பாயிண்ட் லிங்கேஜின் (டிராக்டருக்குப் பின்னால் கருவி மாட்ட, கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக உள்ள மூன்று கைகள்) கீழ்க் கைகளில் ஒரு குறுக்குப் பட்டையைச் செருகி, அதில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்புவது எல்லாரும் செய்வது. கோளாறுகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகின்றன.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டரின் ஹைட்ராலிக்குக்குத் தூக்கத் தெரியும், அமுக்கத் தெரியாது. லிவரை இறக்கினால் எண்ணெய் வெளியேறி, கைகள் தங்கள் பாரத்தில் கீழே வருகின்றன. எதுவும் அவற்றைக் கீழே தள்ளுவதில்லை. அதனால் எந்த உயரத்தில் நிறுத்தியிருந்தாலும், கீழிருந்து ஒரு விசை தூக்கினால் கைகள் மேலே போய்விடும். எதுவும் மாட்டாமல் வெறும் கைகளாக இருக்கும்போது ஒன்றைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், தெரியும்.

அடுத்து, உங்கள் வண்டியில் இருப்பது எந்தக் கொக்கி என்று பாருங்கள். கியர் பெட்டிக்கு அடியில் போல்ட் போட்டு இறுக்கிய நிலையான கொக்கி ஒன்று. கீழ்க் கைகள் இரண்டுக்கும் நடுவே செருகும் ஓட்டை போட்ட குறுக்குப் பட்டை இன்னொன்று. மூன்றாவது, கீழ்க் கைகளோடு மேல் கையான டாப் லிங்கையும் சேர்த்துப் பிடிக்கும் முக்கோணச் சட்டம். அதில் குண்டோ பின்னோ இருக்கும். சாலைக்கும் பாரத்துக்கும் முதலாவதுதான். இழுப்பதற்கு அதை மட்டும் பயன்படுத்தச் சொல்லித்தான் டிராக்டர் கையேடுகளும் எழுதியிருக்கும். முக்கோணச் சட்டம் காலி டிரெய்லரைக் கொட்டகைக்குள் நகர்த்தி நிறுத்த மிக வசதியானது. சீட்டை விட்டு இறங்காமல் ஏர்க்காலுக்கு (டிரெய்லரின் முன்னால் நீளும் இழுதண்டு) அடியில் குண்டை விட்டுத் தூக்கிவிடலாம். பாரம் ஏற்றி மேட்டில் இழுக்க அது வேண்டாம். குறுக்குப் பட்டை இரண்டுக்கும் நடுவில்: ஸ்டே பார் (பட்டை அசையாமல் பிடிக்கும் கம்பி) போட்டால் நம்பலாம், போடாவிட்டால் நம்ப முடியாது.

முன்சக்கரம் மிதக்கிறது, ஸ்டியரிங் பஞ்சு போல் ஆகிவிட்டது

இந்த ஒரு அறிகுறியை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போனால், முன்சக்கரத்தில் பாரம் இல்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரைக் குறைத்துக் கிளட்சை மிதியுங்கள். முன்சக்கரம் தரையில் உட்கார்ந்த பிறகு பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். வண்டி பின்னோக்கி உருளும்போது பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் மூக்கு தூக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். டிராக்டர் எடை 700 கிலோ, அதில் முன்னச்சில் 280 கிலோ நிற்கிறது என்று வையுங்கள். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 1.5 மீட்டர். கொக்கி பின்னச்சிலிருந்து 80 செ.மீ. பின்னால். இரண்டு சக்கர டிரெய்லர், பாரத்தோடு 1500 கிலோ. ஏர்க்கால் கொக்கியில் 200 கிலோ அமுக்குகிறது. இந்த 200 கிலோவே நெம்புகோல் போல முன்னச்சிலிருந்து சுமார் 107 கிலோவைத் தூக்கிவிடும்.

அடுத்து மேடு. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம், பொலபொல மண். இழுக்க 270 கிலோ விசை தேவைப்படும். கொக்கி தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்த இழுவை முன்னச்சிலிருந்து இன்னொரு 81 கிலோவைக் கழிக்கும். சரிவில் டிராக்டரின் சொந்த எடையே பின்னால் சாய்வதால் 28 கிலோ போகும். மிச்சம் 64. ஸ்டியரிங் பேச்சைக் கேட்க வேண்டுமானால் டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 140 கிலோ, முன்னச்சில் இருக்க வேண்டும். பாதிகூட இல்லை.

இப்போது அதே பாரம், அதே மேடு. ஏர்க்கால் தரையில் இடிக்கிறதே என்று லிவரைத் தூக்கிக் கொக்கியை 75 செ.மீ.க்குக் கொண்டுபோகிறீர்கள். 81 கிலோ 135 ஆகிறது. முன்னச்சில் மிச்சம் பத்தே கிலோ. ஒரு கல்லில் பின்சக்கரம் ஏறினால் போதும்.

சரிசெய்வது இரண்டு பக்கத்திலிருந்தும். கொக்கியைப் பின்னச்சின் மையத்துக்குக் கீழே, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். மொத்த பாரத்தை 1000 கிலோவாகவும் கொக்கியில் விழும் பாரத்தை 100 கிலோவாகவும் குறைத்தால், 45 செ.மீ. உயரத்தில் அதே மேட்டில் முன்னச்சில் 145 கிலோ நிற்கும், தேறிவிட்டது. முன்னால் எடைக்கற்கள் மாட்டும் வசதி இருந்தால் மாட்டுங்கள். முன்னச்சுக்கு அரை மீட்டர் முன்னால் தொங்கும் 60 கிலோ, அச்சில் 80 கிலோவாகப் பலன் தரும். தலைக்கு மேல் பாதுகாப்புக் கம்பி உள்ள வண்டி என்றால் அதை மடக்காமல் நிமிர்த்தி, சீட் பெல்ட் போடுங்கள். கம்பி இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது.

இதற்கு அண்ணன் ஒன்று இருக்கிறது: டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டித் தென்னங்குற்றியை இழுப்பது. "அங்கேதான் உறுதியான பின் இருக்கு" என்று சொல்லிச் செய்வார்கள். டிராக்டர் பின்னால் மல்லாந்து ஓட்டுபவர் மேலேயே விழுவதற்கு அதைவிடக் குறுக்கு வழி கிடையாது. மூக்கு தூக்க ஆரம்பித்து, இனித் திரும்ப முடியாது என்ற இடத்துக்கு வர முக்கால் விநாடிதான் ஆகும் என்று அமெரிக்கப் பண்ணைப் பாதுகாப்புப் பாடங்களில் சொல்வார்கள். "ஐயோ" என்று சொல்லி முடிக்கவே அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மல்லாக்க விழும் ஆபத்தை நீக்கும் நோக்கமும் சேர்ந்துதான் த்ரீ பாயிண்ட் லிங்கேஜே பிறந்தது. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் 1926-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1939-ல் ஃபோர்டின் 9என் டிராக்டரில் அது வந்ததும் உலகமே பிடித்துக்கொண்டது. கலப்பை பாறையில் முட்டும்போது டாப் லிங்க் டிராக்டரை முன்னோக்கித் தள்ளி மூக்கை அமுக்கிப் பிடிக்கும். ஆனால் அந்தப் பலன், விறைப்பாக மாட்டிய கருவிக்கு மட்டும்தான். டிரெய்லர் கொக்கியில் சுழலும் சாமான். அது டாப் லிங்கைப் பிடித்து எதையும் தள்ளாது. டாப் லிங்க் மாட்டியிருக்கிறேன், அதனால் கவிழாது என்று நம்பி டிரெய்லர் இழுக்காதீர்கள்.

கொக்கி தானாக மேலே ஏறுகிறது

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பின்பாரம் ஏறினால் நுகத்தடி தூக்கும். மாட்டுக்குக் கழுத்து இறுகும். முன்பாரம் ஏறினால் மாடு குனியும். இரண்டு சக்கர டிரெய்லரும் அதேதான். காயை வால் பக்கமாகக் குவித்தால் ஏர்க்கால் மேலே கிளம்பும், ஹைட்ராலிக் அதைத் தடுக்காது, கைகள் கூடவே போகும். ஏற்றத்தில் போகும்போது காய் பின்னால் சரிந்தாலும் இதுதான் நடக்கும்.

மொத்த பாரத்தில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் விழும்படி ஏற்றுங்கள். எடை பார்க்க, டிராக்டரைக் கழற்றிவிட்டு ஏர்க்காலுக்கு அடியில் உயரம் சரியாக வருமாறு எடைத் தராசை வைத்தால் போதும். எங்களிடம் கொப்பரை நிறுக்கும் தராசு இருந்ததால் ஒரு நாள் வைத்துப் பார்த்தோம். வழக்கமாக ஏற்றும் விதத்தில் கொக்கியில் விழுந்தது 20 கிலோகூட இல்லை. அதுவரை "இந்த வண்டி லேசா இழுக்குது" என்று பெருமையாக வேறு பேசிக்கொண்டிருந்தோம்.

பாரம் சரியாக இருந்தும் கொக்கி ஏறி இறங்கினால் லிவரைப் பாருங்கள். சில வண்டிகளில் பொசிஷன் கண்ட்ரோல், டிராஃப்ட் கண்ட்ரோல் என்று இரண்டு லிவர் இருக்கும். டிராஃப்ட் என்பது உழவுக்கானது. இழுவை கூடினால் கலப்பை ஆழத்தில் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கும், குறைந்தால் இறக்கும். முக்கோணச் சட்டத்தில் டிரெய்லர் மாட்டி டிராஃப்டில் விட்டால், வண்டி குலுங்கும்போதெல்லாம் கொக்கி தாளம் போடும். டிரெய்லருக்கு, கைகளை வைத்த உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் மட்டும்தான்.

குறுக்குப் பட்டையில் மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. பட்டையின் இரு முனையும் கைகளில் சுழலும் குண்டுக்குள் இருப்பதால், பட்டையே புரளும். கொக்கி நிமிர்ந்து, ஒரு பள்ளத்தில் கொக்கியின் பின் மேலே கழன்றுவிடும். இரண்டு முனையிலிருந்தும் டாப் லிங்க் மாட்டும் இடத்துக்கு ஸ்டே பார் போட்டால் பட்டை புரளவும் முடியாது, கைகள் மேலே போகவும் முடியாது. பட்டை வாங்கும்போதே ஸ்டே பாரோடு சேர்த்து வாங்குங்கள். சங்கிலியால் கட்டுவது இறங்குவதைத் தடுக்கும், ஏறுவதைத் தடுக்காது.

நின்ற இடத்திலேயே மெதுவாக இறங்குகிறது

ஸ்டே பார் இல்லாத பட்டையிலும் முக்கோணச் சட்டத்திலும் இதைப் பார்க்கலாம். பாரத்தைத் தூக்கிவைத்து, இன்ஜினை நிறுத்தி, கைக்குப் பக்கத்தில் மட்கார்டில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அரை மணி நேரத்தில் விரற்கடை இறங்கினால் பயப்பட வேண்டாம். கண் முன்னால் சரசரவென்று இறங்கினால் சிலிண்டர் பிஸ்டனின் ஓ ரிங்கோ, கண்ட்ரோல் வால்வோ தேய்ந்திருக்கிறது, மெக்கானிக் வேலை.

பல மினி டிராக்டர்களில் சீட்டுக்கு அடியில் முன்பக்கம் ஒரு திருகு இருக்கும். இறங்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அது. முழுக்க மூடினால் கைகள் கீழே இறங்காது. ரொட்டோவேட்டரைத் தூக்கிக்கொண்டு சாலையில் போகும்போது மூடிக்கொள்ள வேண்டிய திருகு அதுதான். திருகை மூடி வைத்தும் கைகள் இறங்கினால் கசிவு சிலிண்டர் பக்கம். மூடினால் நிற்கிறது, திறந்தால் இறங்குகிறது என்றால் கண்ட்ரோல் வால்வு பக்கம். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

எப்படி இருந்தாலும், தூக்கிய பாரத்துக்கு அடியில் கையையோ தலையையோ விடாதீர்கள். கட்டை முட்டுக் கொடுத்த பிறகு வேலை.

தூக்க மறுக்கிறது, அல்லது கீச்சென்று கத்துகிறது

கத்துவது ரிலீஃப் வால்வு. பாரம் தாங்கவில்லை என்று எண்ணெய் வெளியேறும் சத்தம். லிவரை மேல் எல்லை வரை ஏற்றிவிட்டு அப்படியே விட்டாலும் கத்தும். விரற்கடை இறக்கினால் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் கத்தினால் பாரம் அதிகம்.

விற்பனைத் தாளில் 750 கிலோ தூக்கும் என்று போட்டிருந்தால், அது எந்த இடத்தில் என்று பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் கீழ்க் கைகளின் முனையில் அளந்ததைப் போடுகிறார்கள். அமெரிக்கத் தாள்களில் முனையிலிருந்து 61 செ.மீ. பின்னால் அளந்தது இருக்கும். அது குறைவான எண். முக்கோணச் சட்டத்தின் குண்டு கைமுனையிலிருந்து தள்ளி நிற்பதால், தாளில் உள்ளது அங்கே கிடைக்காது. ஹைட்ராலிக் தூக்கினாலும் முன்சக்கரம் தூக்கிவிடும் என்பது வேறு. மேலே போட்ட கணக்கு.

பாரமே இல்லாமல் தூக்க மறுத்தால் எண்ணெய் அளவு, ஃபில்டர். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்திருந்தால் உறிஞ்சும் குழாயில் காற்று இழுக்கிறது.

பக்கவாட்டில் ஆடுகிறது, டொக் டொக் என்று இடிக்கிறது

முதலில் கீழ்க் கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயின், அல்லது அதற்குப் பதில் உள்ள ஸ்டெபிலைசர். கலப்பைக்குக் கொஞ்சம் ஆட்டம் வேண்டும் என்று தளர்த்தியிருப்போம். டிரெய்லருக்கு இரண்டு பக்கமும் சமமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் பட்டை மையத்தை விட்டு விலகி டிரெய்லர் கோணலாக வரும்.

பிறகும் இடித்தால் பின்னும் ஓட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. கேட்டகரி என்று சொல்வது இதைத்தான். கேட்டகரி 0 என்றால் பின் 16 மி.மீ. கேட்டகரி 1 என்றால் கீழ்ப் பின் 22, டாப் லிங்க் பின் 19. பெரிய டிராக்டரின் கேட்டகரி 2-ல் கீழே 28 மி.மீ.க்குச் சற்று மேல், மேலே 25. மினி டிராக்டர்களில் 1என் என்று ஒரு வகையும் வரும்; பின் 22 மி.மீ.தான், ஆனால் இரண்டு கைகளின் இடைவெளி சாதாரணக் கேட்டகரி 1-ல் உள்ள 68 செ.மீ.க்குப் பதில் 40 செ.மீ. பெரிய வண்டியின் பட்டையைப் பக்கத்துத் தோட்டத்தில் இரவல் வாங்கி, கைகளை அகட்டி மாட்டும்போது இது தெரியாமல்தான் கைகள் வளைகின்றன.

ஓட்டை பெரிது, பின் சிறிது என்றால் கடையில் புஷ் கிடைக்கும், போடுங்கள். 16 மி.மீ. கட்டடக் கம்பியை வெட்டிப் பின்னாகச் செருகுவது வேண்டாம். நாங்களும் அப்படி ஓட்டியவர்கள்தான். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் மேட்டில் ஏறும்போது அது வாழைக்காய் போல் வளைந்து நின்றது; சுத்தியலால் அடித்துக் கழற்ற ஒரு மணி நேரம். பின் உருவி விழாமல் தடுக்கும் லிஞ்ச் பின்னுக்குப் பதில் ஆணியோ கட்டுக்கம்பியோ போடுவதும் அதே ரகம். லிஞ்ச் பின் நான்கை வாங்கி டூல்ஸ் பெட்டியில் போட்டு வைத்தால் வருடம் முழுக்கக் கவலையில்லை.

உள்ளூர்ப் பட்டறையில் பட்டை அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டையில் துளை போடுவது பரவாயில்லை. அந்தத் துளைக்குப் பக்கத்தில் குறுக்கே வெல்டிங் வைப்பதுதான் பின்னால் விரிசலாகும். மாதம் ஒரு முறை வெல்டிங் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள்; துருக்கோடு மெல்லியதாக ஓடினால் அதுதான் விரிசல்.

திருப்பும்போது டயரில் உரசுகிறது

ஏர்க்கால் நீளம் போதவில்லை, அல்லது கொக்கி பின்னச்சுக்கு மிக அருகில். காலி வண்டியோடு இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் பாரம் ஏற்ற வேண்டும். பி.டி.ஓ. ஷாஃப்டை (இன்ஜின் சுழற்சியைக் கருவிக்குக் கடத்தும் தண்டு) கழற்றாமல் மட்கார்டில் கட்டிவைத்திருந்தால் இந்த நேரத்தில்தான் அது ஏர்க்காலில் சிக்கும்.

இறக்கத்தில் டிரெய்லர் தள்ளுகிறது

தோப்பு டிரெய்லர்களில் பிரேக் இருப்பது அபூர்வம். பிரேக் இல்லாத டிரெய்லர் பாரத்தோடு சேர்த்து டிராக்டர் எடையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது, வேகம் மணிக்கு 32 கி.மீ.யைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தரநிலை. 700 கிலோ வண்டிக்கு அது 1050 கிலோ. மட்டையோடு ஒரு காய் 1.2 கிலோ என்றால், டிரெய்லரின் சொந்த எடை 300 போக, அறுநூறு காய்க்கு மேல் ஏற்றினால் கணக்கு தாண்டிவிடும். ஆயிரம் காய் ஏற்றி ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும், எல்லாம் சமதரையில்.

இறக்கம் தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு வாருங்கள், நடுவில் மாற்ற முயலாதீர்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது கூடவே கூடாது. ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். உழவில் திருப்புவதற்காகப் பிரித்து வைத்த இரண்டு பிரேக் பெடல்களைத் தாழ் போட்டுச் சேர்த்துவிட்டீர்களா என்று பாருங்கள். சேர்க்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் இழுத்து, டிரெய்லர் கத்தி மடிவது போல் மடிந்து வந்து இடிக்கும். டிரெய்லரில் ஆள் ஏற்றுவது சட்டப்படியும் தப்பு. இறக்கத்தில் அந்த ஆட்கள்தான் முதலில் விழுவார்கள்.

கழற்றும்போது ஏர்க்கால் துள்ளுகிறது

கொக்கியின் பின் இறுகி வர மறுத்தால் அது ஏதோ பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அடித்துப் பிடுங்காதீர்கள். பின்பாரமாக இருந்தால் ஏர்க்கால் தாடையை நோக்கி வரும், முன்பாரமாக இருந்தால் காலில் விழும். டிரெய்லர் டயர் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, ஏர்க்காலின் ஸ்டாண்டை இறக்கி, வால் பக்கமும் ஒரு கட்டை கொடுத்த பிறகு, லிவரை விரல் அளவு அசைத்துப் பாருங்கள். பின் இரண்டு விரலுக்குச் சுழலும் ஒரு உயரம் வரும். அங்கே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஏர்க்காலைத் தாண்டிக் கால் போடாமல் பக்கவாட்டில் நின்று உருவுங்கள்.